ஆல்ட் பான் ஓடையில் இவ்வருடம் ஒன்பது

வானத்தையும் பூமியையும் நீர்களின் ஆழத்தையும் உண்டாக்கி, பேச்சற்ற உயிருக்கும் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பும் வழியை வகுத்துக் கொடுத்த ஆண்டவருக்குத் தோத்திரம்.

கர்த்தருக்குள் பிரியமான மகள் மார்சலிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் தம்பி ருவாரியும் அவர் கிருபையால் சுகமாயிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை எஃபியும் அங்கே நியூசிலாந்தில் அவ்வாறே இருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படியை இன்னும் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறாள். உன் கடிதம் கிடைத்தது. டிசம்பர் கடைசியில் உங்கள் விமானம் இன்வர்னஸில் இறங்குவது ஞாயிறு காலையில் என்றும், ஓய்வுநாளில் என் வாசலுக்குப் பயணப்பட்டு வருவதா அல்லது திங்கள்வரை அங்கேயே விடுதியில் தங்கிவிடுவதா என்றும் கேட்டிருந்தாய். கேட்டதில் கோபமில்லை என்று நீ எழுதியிருந்தாலும், கேட்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு. பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தால் அது வேறு பதிலாக இருந்திருக்கும் என்பதால், இடையில் நடந்ததை நீ முதலில் அறிய வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பரில் நம் ஓடைக்குக் கடலிலிருந்து முட்டையிட எத்தனை சால்மன் மீன்கள் ஏறின என்று உனக்கு எழுதுவது வழக்கம். சென்ற ஆண்டு மூன்றே இணைகள் என்று எழுதியது நினைவிருக்கும். இவ்வாண்டு சனிக்கிழமை பெய்த மழையில் ஓடை கரை தொட்டு ஓடியது. ஞாயிறு காலை நானும் அம்மாவும் ஆலயத்துக்குப் போகும்போது பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். கீழே மடுவில் பதினான்கு மீன்கள். பத்து வருடங்களில் நான் காணாத எண்ணிக்கை. ஆனால் வெள்ளம் ஒரு பிர்ச் மரத்தை வேரோடு கொண்டுவந்து பாலத்தின் வளைவில் குறுக்கே செருகியிருந்தது. அதில் வேலிக்கம்பியும் சருகும் சிக்கி அணைபோல் அடைத்துக்கொண்டிருந்தன. மேலே முட்டையிடும் சரளைக்குப் போக வழியில்லை. மழை நின்றதால் நீரோ வடிந்துகொண்டிருந்தது. ருவாரி இயந்திர ரம்பத்தோடு இடுப்பளவு நீரில் நின்றான். அவன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி நான்கு வருடங்கள் ஆகின்றன என்பது நீ அறிந்ததே. “இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமில்ல? ரம்பத்தக் கீழ வை” என்றேன். “அப்பா, மணிக்கு ஒரு சாண் எறங்குது தண்ணி. நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கங்கன்னு இதுங்ககிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க” என்றான். சபை மூப்பரான என் வீட்டிலேயே கட்டளை மீறப்பட்டால் சபை என்ன சொல்லும் என்று கேட்டேன். அவன் ரம்பத்தைக் கரையில் வைத்துவிட்டு, மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் எதிர்த்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஆலயத்தில் வழக்கம்போல் நான் சங்கீதத்தை ஒவ்வோர் அடியாக எடுத்துக் கொடுக்க, சபை தொடர்ந்து பாடியது. நீரோடைகளைப் பற்றிய அடி வந்த இடத்தில் என் குரல் நின்றுபோயிற்று. முப்பது வருடங்களில் அப்படி நேர்ந்ததில்லை. முன்வரிசையிலிருந்த டோலினா தானே அவ்வடியை எடுத்துப் பாடி என்னைக் காப்பாற்றினாள். எண்பத்தாறு வயதிலும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்துவைக்கிறவள் அவள். பிரசங்கம் முடிந்து ஒரு மணிக்குத் திரும்பியபோது மடு பாதியாய்ச் சுருங்கியிருந்தது. கற்களின் இடுக்கால் ஊர்ந்து ஏற முயன்ற ஐந்து மீன்கள் வறண்ட கல்லில் செத்துக் கிடந்தன. இரண்டுக்குக் காகம் கண்ணைக் கொத்தியிருந்தது. ருவாரி இருந்த இடத்திலேயே இருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால் வந்த டோலினா கைத்தடியால் பாலத்துச் சுவரைத் தட்டி, “மூப்பரே, உங்க பசு கத்துனா ஞாயித்துக்கெழமைன்னு பாக்காமப் பால் கறக்குறீங்கல்ல? மீனுக்குக் கத்தத் தெரியாது, அதனால விட்டுடுறதா? ஓய்வுநாள்ல அவசியமான வேலையும் செய்யலாம், இரக்கமான வேலையும் செய்யலாம்னு நீங்கதான எங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னது? இது ரெண்டுல எதுன்னு அப்புறமா உக்காந்து யோசிங்க. இப்ப எறங்குங்க” என்றாள். மகளே, வேதத்தை ஐம்பது வருடங்கள் வாசித்த நான் அந்தப் போதனையை அறியாதவனல்ல. காலையில் அதை நினைக்கவே இல்லை. சபையார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் நினைத்தேன்.

கறுப்புக் கோட்டோடு இறங்கினேன். ரம்பம் வேண்டாம், சத்தம் போதகர் வீடு வரை கேட்கும், கையாலேயே இழுப்போம் என்றேன். “ரம்பச் சத்தம் மட்டுந்தான் ஆண்டவருக்குக் கேக்குமாப்பா?” என்று சிரித்தான் ருவாரி. அதன் பிறகு ரம்பத்தை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். முக்கால் மணி நேரத்தில் மரம் இரண்டாகி, தேங்கியிருந்த நீர் ஒருமிக்கப் பாய்ந்தது. அதன் எதிரே ஒன்பது மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பொழுது சாயும் மட்டும் பார்த்திருந்தோம். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளையை அடித்துக் குழி பறித்தது. தாடை கொக்கியாய் வளைந்த ஆண் மீன் அருகே காவல் நின்றது. நம் பழைய கேலிக் மொழிச் செய்யுட்களில் சால்மனை ஆற்றின் அரசனாகப் புகழ்வார்கள். வால் தேய்ந்து, தோல் வெளுத்து, கடலிலிருந்து இத்தனை தூரம் உண்ணாமல் வந்த அந்த நிலையை எவரும் பாடி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, “கல்யாணத்துக்கும் சாவுக்கும் வச்சிருந்த கோட்டு. இனி ரெண்டுல எதுக்கும் ஆகாது” என்றாள், ஆனாலும் அடுப்பருகே நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை மூப்பர் கூட்டத்தில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன். போதகர், எத்தனை மேலே போயின என்று மட்டும் கேட்டார். ஒன்பது என்றேன். பதினான்காக இருந்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். உனக்கும் அவ்வாறே எழுதுகிறேன்: இவ்வருடம் ஒன்பது, குறைந்த ஐந்துக்குக் காரணம் நான்.

பதினோரு வருடங்களுக்கு முன் நீ புறப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடியற்காலை விமானம் என்பதால் உனக்கு வேறு நாள் இல்லை. அம்மா உன்னோடு பாலம் வரை வந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வேதம் வாசித்தேன். எந்த அதிகாரம் என்று இன்று நினைவில்லை. உன் பெட்டியின் சக்கரச் சத்தம் நினைவிருக்கிறது.

ஆகையால், ஞாயிறு காலையில் இறங்கியதும் நேரே வா. திங்கள்வரை காத்திராதே. ஆலயம் முடிந்ததும் நான் பாலத்தில் நிற்பேன், தாமதமானாலும் நிற்பேன். மலைப்பாதையில் உறைபனி இருக்கும், மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல். எஃபிக்கு ரப்பர் காலணி மறவாதே. ஆனால் பாலத்துக்கு மேற்புறம் சரளையில் அவள் கால் வைக்கக் கூடாது, அங்கே முட்டைகள் இருக்கின்றன.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. உன் கணவனையும் குழந்தையையும் உங்கள் வீட்டின் அடுப்பையும் அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

இப்படிக்கு,
உன் வரவை நோக்கியிருக்கும் அப்பா,
லாக்லன் மெக்கின்னஸ்