கடலை சுற்றிய இரகசியம்

மார்ச் 3, திங்கள்

டி.வி.யில் மூன்றாவது நாளாக அதே கூத்து. முன்னாள் அமைச்சுச் செயலாளர் ஒருவருடைய வீட்டுக் கராஜில், நாய்ச்சாப்பாட்டு மூட்டைகளுக்குப் பின்னால், நான்கு பெட்டி நிறைய அரசாங்க இரகசியக் கோவைகள், பைல் பைலாக அகப்பட்டனவாம். ஒரு பக்கம் தேசத்துரோகம் என்கிறது. மறுபக்கம் எல்லாம் வெறும் பிரதிகள் என்கிறது. நாகேந்திரம் கதிரை நுனியில் இருந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் மாறி மாறி ஏசுகிறார். தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்துப் பென்சன் எடுத்த என் மனுஷனுக்கு இப்போது இதுதான் உத்தியோகம்.

எனக்கென்றால் ஒன்றுதான் விளங்கவில்லை. என்னுடைய பாடசாலை நூலகத்திலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு கதைப்புத்தகத்தைக்கூடக் கையெழுத்து வைக்காமல் கொண்டுபோக முடியாது. அகராதி என்றால் கையெழுத்து வைத்தாலும் விடமாட்டேன். நான்கு பெட்டி! அந்தக் கந்தோர் வாசலில் கொப்பியோடு இருக்க என்னைப்போல ஒரு நேசமலர் கிடைக்கவில்லையா?

இன்றைக்குப் பார்த்து எனக்கும் ஒரு பதிவுத் தபால் வந்தது. சிங்களத்தில் மட்டும்.

தம்பி ராகுலனை 2008 நவம்பரில், கொட்டாஞ்சேனையில் அவன் வேலை செய்த போன் கடை வாசலில் வைத்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2013 செப்டம்பர் 21, காணாமற்போனோரைப் பற்றி விசாரித்த ஆணைக்குழு கொட்டாஞ்சேனையில் அமர்ந்தபோது நான் சாட்சியம் சொன்னேன். அவனுடைய படத்தையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது? தகவல் அறியும் சட்டத்தில் நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். பதிலும் ஒன்றுதான்: கோவை இரகசியமானது, பாதுகாப்பான பொறுப்பில் இருக்கிறது, வழங்க முடியாது.

யாரிடமிருந்து இரகசியம்? சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த என்னிடமிருந்தா?

மார்ச் 4, செவ்வாய்

கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். கீழே இருக்கும் கையொப்பம் யாருடையது என்று தெரியவில்லை. அதுவும் இரகசியம் போல.

மார்ச் 8, சனி

இதை எழுதி வைக்கவேண்டும்.

பின்னேரம் இவரோடு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனேன். வழக்கம்போல ஹாஷிமிடம் கடலை வாங்கினோம். தின்று முடித்துப் பையைக் கசக்கப் போகையில் அதில் தமிழ் எழுத்து தெரிந்தது. எழுத்து என்றால் எதிலிருந்தாலும் வாசிக்கிற வியாதி எனக்கு உண்டு.

"அன்று காலை எனது மகன் நீலச் சேர்ட் அணிந்திருந்தார்."

மெதுவாகப் பசையைப் பிரித்தேன். தலைப்பில் அதே ஆணைக்குழு. அதே கொட்டாஞ்சேனை அமர்வு. சாட்சியம் சொன்ன அன்று தந்த, நான் லெமினேட் பண்ணி வைத்திருக்கிற பற்றுச்சீட்டில் உள்ள அதே சின்னம். ஓரத்தில் இரகசியம் என்ற சிவப்பு முத்திரை, பாதி பசைக்குள். சாட்சி மயிலம்மா, தெமட்டகொடை. வீட்டு இலக்கம்கூட இருக்கிறது. மகனைக் கூட்டிக்கொண்டுபோன பொலிஸ்காரரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயருக்கு மேல் எண்ணெய் ஊறியிருக்கிறது.

கடலை சுத்துறாங்கள். ஒரு தாய் அழுதழுது சொன்ன வாக்குமூலத்தில கடலை சுத்துறாங்கள். எனக்குக் குடுக்கேலாதாம். கடலைக்குக் குடுக்கலாமாம். இதுதானோ அவங்கட பாதுகாப்பான பொறுப்பு?

மார்ச் 9, ஞாயிறு

ஹாஷிமிடம் போனேன். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து மனுஷன் பயந்துவிட்டான். "நான் எங்க டீச்சர் அதெல்லாம் வாசிக்கிற? மாக்ரெட் அக்கா பை ஒட்டித் தார, நான் கடலை போடுற," என்றான். மாக்ரெட் கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருக்கிறாளாம். அவனிடம் மிச்சமிருந்த பைகளை எல்லாம் காட்டச் சொன்னேன். டியூஷன் வினாத்தாள், யாரோ ஒருவரின் காப்புறுதிப் படிவம். நான் தேடியது அதில் இல்லை.

மார்ச் 13, வியாழன், போயா

பௌர்ணமி லீவு நாள். புறக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ராகுலனின் கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மாக்ரெட்டுக்கு என் வயதிருக்கும். தரையில் இருந்து கோதுமை மாப் பசையைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு கந்தோர் ஸ்டோரைக் காலி பண்ணினார்களாம். பழைய பேப்பர்க் கடையில் மூன்று மூட்டை வாங்கினாளாம். எல்லாம் பை ஆகிவிட்டது. வத்தளை, புறக்கோட்டை, வெள்ளவத்தை என்று எல்லா இடமும் போய்விட்டது. யாருடைய பிள்ளையை யார் கடலையோடு தின்றார்களோ தெரியாது.

எழும்பப் போகையில் மாக்ரெட் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தாள். படம் ஒட்டியிருந்த தாள்களை மட்டும் அவள் மடிக்கவில்லை. "முகத்துல எண்ணெ படும்தானே மிஸ்," என்றாள்.

நாற்பத்து மூன்று முகங்கள். பத்தொன்பதாவது ராகுலன்.

பாஸ்போர்ட் படம். அந்தக் கோணல் சிரிப்பு. படம் பிடிக்கிறபோது சிரிக்காதே என்று நான்தான் சொன்னேன், கேட்கவில்லை. படத்துக்குக் கீழே என் சாட்சியத்தின் கடைசிப் பந்தி. அதற்கும் கீழே சிங்களத்தில், பென்சிலால் இரண்டு வரி: மேலதிக நடவடிக்கை தேவையில்லை. கோவையிடவும்.

திகதி: 2013 செப்டம்பர் 21.

நான் சாட்சி சொன்ன அதே நாள். நான் வெளியே வந்து, பற்றுச்சீட்டை ஹான்ட்பேக்கில் பத்திரமாக வைத்து, பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் எழுதி முடித்திருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

இரகசியம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறதென்று இவ்வளவு காலமும் நினைத்தேன். ஒரு முகாமின் பெயர், ஒரு அதிகாரியின் பெயர், இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு சொல். ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதைத்தான் இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். பதினொரு வருஷம் தபால்காரனைப் பார்த்தேனே. தபால் கந்தோர்க்காரனைக் கட்டியிருந்தும் தெருவில் தபால்காரனைப் பார்த்தேனே.

இன்று நூலகத்தில் ஒரு பிள்ளையை ஏசிவிட்டேன். பாவம், இரண்டு நாள்தான் பிந்தியிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

நாகேந்திரம் எனக்குச் சொல்லாமல் சந்திரகுமாருக்குப் போன் எடுத்துவிட்டார். எங்கள் பகுதி எம்.பி.யின் இணைப்பாளர், கோயில் சபையில் பழக்கம். காலையில் வந்து, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், மாக்ரெட் டின்னோடு தந்துவிட்ட எல்லாத் தாளையும் தடவிப் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அந்த நான்கு பெட்டி பற்றிப் பாராளுமன்றத்தில் விவாதமாம். எங்கள் எம்.பி. இந்தப் படங்களைத் தூக்கிக் காட்டினால் நாடே அதிருமாம்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று பொய் எழுதமாட்டேன். ராகுலனின் முகத்தை அவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று இருந்தது.

ஆனால் அவர் முதலில் எடுத்து வைத்தது மயிலம்மாவின் தாளை. பொலிஸ்காரரின் பெயர் இருக்கிறதல்லவா? அந்த மனுஷிக்குச் சம்மதமா, அந்தப் பொலிஸ்காரர் இப்போது என்ன பதவியில் இருக்கிறார், கேட்டீர்களா என்றேன். அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். அப்படியென்றால் என்னுடைய தாளை மட்டும் கொண்டுபோங்கள், அது நான் கொடுக்கக்கூடியது என்றேன். பென்சில் வரியை வாசித்தார். திகதியைப் பார்த்தார். தாளை மெல்ல மேசையில் வைத்தார்.

"அக்கா, அந்த நேரம் எங்கட தலைவரும் அரசாங்கத்திலதான் இருந்தவர்."

போகும்போது, இவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம், பொலிஸ் வந்தால் தனக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். செயலாளர் கராஜில் வைத்தால் விவாதம். நேசமலர் அலுமாரியில் வைத்தால் குற்றம்.

இவர் பயந்துவிட்டார். "நீர் ஏன் இந்த வயசில இதுக்குள்ள போறீர்? இந்தத் தாள்களை எரிச்சுவிடும்," என்றார். கட்டி முப்பது வருஷத்தில் அவரோடு நான் இப்படிக் கத்தியதில்லை. எரிக்கிறதோ? அதை அவங்களே செய்திருப்பாங்களே, எங்கட வீட்டு அடுப்பு எதுக்கு?

மார்ச் 18, செவ்வாய்

ஐந்து மணித்தியாலம் விவாதம். கராஜ் சாவி யாரிடம் இருந்தது என்பதில் மூன்று மணித்தியாலம். பெட்டிக்குள் யாருடைய பெயர்கள் இருந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

தடித்த அட்டை போட்ட புதிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். நூலகத்தில் செய்வதுபோலவே கோடு போட்டேன். இலக்கம், எடுத்தது, எடுத்த நாள், எடுத்தவர், திருப்பித் தர வேண்டிய நாள், கையொப்பம். தலைப்புகளைச் சிங்களத்திலும் எழுதினேன்.

முதல் வரியை எழுதிவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை.

பின்பக்கத்தில் நாற்பத்து நான்கு பேரின் பெயரும் விலாசமும். இந்தத் தாள்கள் அரசாங்கத்தினுடையவை அல்ல. என்னுடையவையும் அல்ல. சொன்னவர்களுக்கே போகட்டும்.

நாகேந்திரம் பின்னால் வந்து நின்று பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்த விலாசம் எந்தத் தபால் வட்டாரம் என்று பென்சிலால் குறிக்கத் தொடங்கினார். அவருடைய கையெழுத்து இன்னும் அழகுதான்.

மார்ச் 30, ஞாயிறு

தெமட்டகொடை. ரயில்வே யார்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. மயிலம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். கண் சரியாகத் தெரியாது. நானே வாசித்துக் காட்டினேன். நீலச் சேர்ட் வந்த இடத்தில் தலையை ஆட்டினார்.

எங்கே கிடைத்தது என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அந்த எண்ணெய்க் கறையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் துணி காயப்போட்ட மருமகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இது ரகசியம், வெளியில பேசக்கூடாதுன்னு சொன்னாங்கம்மா. நான் பேசலம்மா. இவளுக்குக்கூட இன்னும் சொல்லல."

பதினொரு வருஷம். மகனைக் கொண்டுபோனவனின் பெயரைத் தன் வீட்டு ஆட்களுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், அரசாங்கம் சொன்னதென்று. இந்த நாட்டில் அரசாங்கத்தின் இரகசியத்தை ஒழுங்காகக் காத்த ஒரே ஆள் இந்த மனுஷிதான். அந்த நான்கு பெட்டிக்காரர்களும் ஐந்து மணித்தியாலம் கத்தியவர்களும் வந்து இவர் வீட்டு வாசலில் ஒரு நாள் நிற்கவேண்டும்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கோவையைத் தரமுடியாது என்றதற்கு எதிராக மேன்முறையீடு செய்யப்போகிறேன் என்றேன். "நானும் வர்றேன். இந்தத் தடவ சத்தமாவே சொல்றேன்," என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இதுவரை இருபத்தாறு தாள் கொடுத்தாயிற்று. ஒன்பது வீடுகளில் ஆட்கள் மாறிவிட்டார்கள். ஒரு தகப்பன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தைத் திருப்பித் தந்தார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மேன்முறையீட்டை மே 5 விசாரிக்கிறார்களாம். இந்தக் கடிதத்திலும் கையொப்பம் ஒரு கிறுக்கல்.

மே 5, திங்கள்

என்னை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். பதினான்கு பேர் போனோம். கதிரை போதாமல் மயிலம்மாவை மட்டும் இருத்திவிட்டு மற்றவர்கள் சுவரோரம் நின்றோம். நாகேந்திரம் கோயிலுக்குப் போகிற சேர்ட்டோடு என் பக்கத்தில் நின்றார்.

அதிகாரி இளைஞர். மரியாதையாகத்தான் கதைத்தார், சிங்களத்தில். நானும் சிங்களத்தில் கதைத்தேன். கோவைகள் பாதுகாப்பான பொறுப்பில் இருக்கின்றன, காட்ட முடியாது என்று அதே பாட்டைத் தொடங்கினார். நான் ராகுலனின் தாளை மேசையில் வைத்தேன். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தாளைக் காட்டினார்கள். மயிலம்மா கடைசியாக, கடலைப் பையாக இருந்த தன் தாளை விரித்து, அந்தப் பொலிஸ்காரரின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். வெளியில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

எங்கே எடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். கடற்கரையில், கடலையோடு என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. இவை அரசாங்க ஆவணங்கள், ஒப்படைக்க வேண்டும் என்றார். மூலத்தைத் தரமாட்டோம், போட்டோப் பிரதி தருகிறோம், அதற்கும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று கொப்பியை அவர் முன்னால் திறந்தேன். பெயரைத் தெளிவாக எழுதவேண்டும். இந்தப் பதினான்கு பேருக்கும் எழுத்தில் பதில் தருகிற நாளையும் எழுதவேண்டும். என் நூலகத்தில் அப்படித்தான்.

பேனையை எடுத்தவர் முதல் வரியில் நின்றுவிட்டார்.

எடுத்தது: ராகுலன். எடுத்த நாள்: 2008 நவம்பர் 19. எடுத்தவர், திருப்பித் தர வேண்டிய நாள், கையொப்பம், மூன்றும் வெறுமை.

"இது என்ன, மிஸ்?"

"அது பழைய இரவல், சேர். இன்னும் திரும்பி வரேல்ல."

சேர் என்பதைத் தவிர மற்றதெல்லாம் தமிழில் வந்துவிட்டது. சிங்களத்தில் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். அவருக்கு விளங்கியிருந்தது.

அந்த வரியைத் தொடாமல், அதற்குக் கீழே இரண்டாவது வரியில் தன் பெயரை முழுதாக, எழுத்து எழுத்தாக எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளையும் வாசிக்கலாம். திருப்பித் தர வேண்டிய நாள்: மே 26.

மே 26 திங்கட்கிழமை. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.