ஆளுக்கு ரெண்டு கை அவல்

அடியே கோமதி, என் கூடப் பிறக்காத பிறப்பே,

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குக் கொல்லிமலை கிளம்புகிறோம். பதினோராம் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேர், நான், புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர். நீ இல்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்துதான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

"பி.டி. டீச்சருக்கு நிக்கத் தெரியும், ஓடத் தெரியும், உக்காரத் தெரியாதுடி" என்று நீ கேலி செய்வாயே, அது இப்போது இன்னும் மோசமாகியிருக்கிறது. காலையிலிருந்து பைகளை நான்கு தடவை எண்ணிவிட்டேன். பன்னிரண்டு பிள்ளைகளும் இரண்டு டீச்சரும் என்றால் பதினான்கு பைதானே இருக்கும், அதை ஏன் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்?

உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதை உன்னிடமே சொல்லித் தீர்க்கத்தான் இந்தக் கடிதம். யார் படித்தாலும் படிக்கட்டும்.

எட்டு வருடமாக இந்த மூன்று நாள் நடையில் வழி என் பொறுப்பு, வயிறு உன் பொறுப்பு. தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள், கோழிப்பண்ணையில் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். மலையேறுகிறவர்களுக்கென்று கடையில் பளபளப்பாக விற்கிற பாக்கெட் சாப்பாடு நம்மால் ஆகாது. தின்பதையும் அவரவர் முதுகில்தான் சுமக்க வேண்டும். மலிவாக இருக்க வேண்டும், கனமில்லாமல் இருக்க வேண்டும், பதினாறு வயது வயிறும் நிறைய வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பையில் அடைத்தவள் நீதான்.

"தண்ணிய எதுக்குடி சுமக்கோணும்? மலையில ஓடை கெடக்குது" என்பாய். ஈரமுள்ளது எதையும் பையில் விடமாட்டாய். ரேஷன் அரிசிச் சோற்றைக் குழையாமல் வடித்து, பள்ளி மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைப்பாய். காக்காய் விரட்ட என்னைத்தான் விசிலோடு உட்காரவைப்பாய். மலையில் அந்தக் காய்ந்த சோற்றின் மேல் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று மலர்ந்துவிடும். பருப்புப் பொடியும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் போட்டால் பிள்ளைகள் தட்டை வழித்து நக்கும். காலைக்கு அவலும் வெல்லமும், நடக்கும்போது வாயில் போட நிலக்கடலை.

நீ ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அப்படியே போய்விட்டாய். உன் காரியம் முடிந்து சில நாள் கழித்து உன் மகள் தர்ஷினி ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "அம்மாவோட சாப்பாட்டு நோட்டுங்க சித்தி" என்றாள். நடைக்குக் கொடுத்திருந்த தன் பெயரையும் அன்றே அடித்துவிட்டாள்.

நோட்டைத் திறந்தேன். "காலைக்கு ஆளுக்கு ரெண்டு கை அவல். நடுவுல ஒரு கை கடலை. பொழுதுக்கு மூணு கை காஞ்ச சோறு." அவ்வளவுதான். பாழாய்ப் போனவளே, நீ இயற்பியல் டீச்சர்! அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் வெட்டுகிறவள். பிள்ளைகள் அழுதால்கூட, "அஞ்சுன்னா எதுடா? அஞ்சு மீட்டரா, அஞ்சு முட்டையா?" என்று கேட்பவள். உன் நோட்டில் மட்டும் கை. சரி, எனக்குக் கை இல்லையா என்று நானும் அள்ளிப் போட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒத்திகைக்கு நைனாமலைப் படியேறினோம். உன் நோட்டுப்படியேதான் கட்டிக் கொடுத்தேன். இறங்கும்போது யாழினி என்கிற பெண் கண் இருட்டிப் படியிலேயே சரிந்தாள். நல்லவேளை, பின்னால் வந்தவள் பையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்க டீச்சர், சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள். சுற்றி நின்ற மற்றப் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பசிதான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, கோமதி. உன் அளவு என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்திருந்தேன், அதனால்.

ஒரு பிள்ளை விழுந்திருந்தால் யாருக்கு என்ன பதில் சொல்வேன்? அடுத்த வாரம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினேன். வேப்பமரத்தில் கோழிப்பண்ணைத் தராசைத் தொங்கவிட்டு எடை பார்த்தால், ஆறு கிலோவுக்கு மேல் ஆகாது என்று நீ வைத்த சட்டத்தை ஒவ்வொரு பையும் தாண்டியது. அந்தக் கனத்தோடு ஏறினால் முட்டி போய்விடும். குறைத்தால் பசி, கூட்டினால் பாரம். எங்கே பிசகுகிறது என்று தெரியாமல் தலைமையாசிரியர் அம்மாவிடம் போய், "இந்த வருசம் வேண்டாங்கம்மா, விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டேன். அவர், "வெள்ளிக்கெழமை வரைக்கும் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளையாட்டுப் பொருள் அறையில் பேப்பரை விரித்து, அவலை அள்ளுவதும் கொட்டுவதுமாக இருந்தேன். உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன், மறைப்பதற்கு என்ன? வாசலில் தர்ஷினி நின்றிருந்தாள். பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கும் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

பாதியாகிப் போயிருக்கிறாள், கோமதி. உன் வீட்டுக்கார அண்ணன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் இருக்கும் அத்தை ஆக்கி வைப்பதைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறாளாம். நான் எத்தனை தடவை டிபன் டப்பாவோடு போனேன் தெரியுமா? "வேண்டாங்க சித்தி, இப்பத்தான் உண்டேன்" என்று கதவருகிலேயே பொய் சொல்லுவாள்.

அவள் நான் அள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சித்தி, உங்க கை பத்தாதுங்க" என்றாள்.

"என்ன சாமி சொல்ற?"

"அம்மா கை பெருசுங்க. வளையல் கடைக்காரரு அம்மாவப் பார்த்தாலே ஒளிஞ்சுக்குவாருல்ல?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. குமாரபாளையம் கடைவீதியில் உன் அளவுக்கு வளையல் தேடி எத்தனை கடை ஏறி இறங்கியிருப்போம்! சின்னப் பிள்ளைக்குப் போடுகிற வளையல் என் கையில் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டோடு திரும்பி, வழியெல்லாம் சிரித்தோம். இருபது வருடம் பிடித்துக்கொண்டு நடந்த கை. அதை எப்படியடி மறந்தேன்?

"எங்க, நீ அள்ளு பாக்கலாம்" என்றேன். அவள் தயங்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையை அவலுக்குள் விட்டாள். அதே நீண்ட விரல், அதே அகலம். அள்ளும்போது சுண்டுவிரலை மடக்கிச் சிந்தாமல் தூக்குகிற அந்தப் பழக்கமும் அதேதான். எடைபோட்டுப் பார்த்தேன். என் இரண்டு கையை விட நிறையவே கூட, நான் இரண்டு மடங்காக்கியதை விட நன்றாகவே குறைவு. மூன்று நாளுக்கும் கணக்குப் போட்டுப் பையைக் கட்டித் தராசில் மாட்டினால், முள் ஆறுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. அடுத்த பைக்கு அள்ள ஆரம்பித்தாள். நான்காவது பையோ ஐந்தாவது பையோ கட்டும்போது, தன்னையறியாமல் ஒரு வாய் அவலை எடுத்து மென்றாள். கூடவே ஒரு துண்டு வெல்லம். பிறகு ஒரு பிடி கடலை. நான் மூச்சு விடாமல் நோட்டைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். உட்காரத் தெரியாதவள் அன்றைக்கு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன், கோமதி.

போகும்போது, "இத கிராமுல எழுதி வெச்சிரட்டுமா சாமி? அடுத்த வருசத்துக்கு ஆகுமே" என்று கேட்டேன். "வேண்டாங்க சித்தி. நான்தான் வாரேன்ல, அளந்து போடுறேன்" என்றாள். சுவர்ப் பட்டியலில் அடித்திருந்த தன் பெயருக்குக் கீழே மறுபடி எழுதிவிட்டுப் போனாள். மறுநாள் காலை நான் தலைமையாசிரியர் அம்மாவிடம், "போறோங்கம்மா" என்றேன்.

இன்று எடை பார்க்கும்போது வருடா வருடம் யாராவது ஒரு அப்பா செய்வதுபோல், இந்த முறை யாழினியின் அப்பா அவித்த முட்டை ஒரு தட்டு கொண்டுவந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், நாமக்கல்லுப் புள்ளைங்க முட்டையில்லாம மலையேறுனா ஊரு சிரிக்காதுங்களா?" என்றார். நீ சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "உங்க முட்டை மலையேறுனா புள்ளைங்க எப்படிங்கண்ணா ஏறும்?" எல்லாவற்றையும் மரத்தடியிலேயே உரித்துத் தின்றோம். உன் மகள் இரண்டு தின்றாள். எண்ணினேன்.

இன்னும் எனக்குப் பயம்தான். மழை வந்தால், யாராவது விழுந்தால், சோறு மலராமல் போனால்? ராத்திரி தூங்குவேன் என்று தோன்றவில்லை. ஆனாலும் ஒரு சத்தியம் செய்கிறேன். மலையில் மூன்று நாளும் அவள் தட்டுக்கு எதிரில்தான் என் தட்டு. அவள் வழித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். திரும்பி வந்த பிறகும் அப்படித்தான், உன் வீட்டிலோ என் வீட்டிலோ.

நோட்டில் நீ "கை" என்று எழுதிய இடத்திலெல்லாம் முன்னால் "தர்ஷினி" என்று சேர்த்துவிட்டேன். இப்போது அலகு இருக்கிறது. அரை மதிப்பெண் வெட்டாதே.

உன் மகளுக்குச் சித்தி,
மல்லிகா