மாற்றாத வாஷர்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று உன் மகளை எங்களிடம் விட்டுவிட்டு நீ விமானம் ஏறிய அன்றே சொன்னேன், உன் சித்திதான் சாட்சி, கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே. இங்கே மூவரும் சுகம். உன் கோபமும் சுகமாக வந்து சேர்ந்தது.

குழந்தை சேற்றில் கிடப்பதைக் குடியிருப்புச் செயலாளர் படம் எடுத்து உனக்கு அனுப்பினாராம், நீயும் இனி அவளைக் கீழே விடாதீர்கள், கணினி வகுப்பில் சேருங்கள் என்று எழுதிவிட்டாய். முடியாதம்மா. விஷயத்தைக் கேள். மாடித் தொட்டிக் குழாய் பின்சுவரோரம் கசிகிறது. இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்சிய பிளம்பர் கிடையாது, வாஷர் மாற்ற எனக்கு இரண்டு நிமிடம், கண்ணைக் கட்டிவிட்டால் மூன்று. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. கசிந்து தேங்கிய குட்டையில் தவளை முட்டையிட்டு, இப்போது அத்தனையும் தலைப்பிரட்டை. நாலு காலும் முளைத்து வால் சுருங்கினால்தான் கரையேறும், அதற்குள் தண்ணீர் வற்றினால் ஒன்றுகூடப் பிழைக்காது. வந்த புதிதில் விரலில் மண் பட்டாலே உதறி உதறி அழுத உன் மகள், இன்றைக்கு மாடிப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய் முழங்காலிட்டு உட்கார்ந்து, டீ வடிகட்டியால் ஒன்றை அள்ளிப் பார்த்து, திரும்ப விட்டுவிட்டு, நாளுக்கு ஒன்றாகச் சுவரில் கரிக்கோடு போடுகிறாள். முன்னங்கால்தான் முதலில் வரும் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். பின்னங்கால் வந்தது. இது வேறு சாதித் தவளை என்று சமாளித்தேன், பொய் சொல்லாதீங்க தாத்தா, கண்ணால பாருங்க என்று வடிகட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எந்தக் கணினி இதைச் சொல்லித் தரும்? உன் சித்தி மட்டும், என் வடிகட்டி வீடு திரும்புற வரைக்கும் எல்லாரும் தூளோட குடிங்க என்கிறாள், குடிக்கிறோம்.

போன ஞாயிறு அந்தச் செயலாளர் மடிப்புக் கலையாத சட்டையோடு, கொத்தனாரையும் ஒரு சிமெண்ட் மூட்டையையும் கூட்டி வந்து, இப்பவே குழாயை அடைய்யா, குட்டையை மூடணும், இல்லேன்னா இந்தக் கட்டடத்துல உனக்கு இனிமே வேலை கிடையாது என்றார். பால்கனி எல்லாம் தலை. நான் மார்பை நிமிர்த்தி, வால் சுருங்க இன்னும் பத்து நாள் இருக்கு, சுவத்துல கரிக்கோடு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, அதுவரைக்கும் யாரும் கை வைக்க விடமாட்டேன் என்றேன். நாலு மாடியும் அதிர்ந்தது. கொத்தனார் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு, கால் வந்துடுச்சா பாப்பா, எங்க காட்டு என்று வடிகட்டியை வாங்கிக்கொண்டார். செயலாளர் பத்து நாள் கெடு வைத்துவிட்டுப் போனார், போகும்போது அவரும் எட்டிப் பார்த்தார், சட்டையைப் பிடித்துக்கொண்டு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, அலுவலகமே கதி என்று கிடக்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. வரும்போது பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வர மறக்காதே, கூடவே சித்திக்கு ஒரு வடிகட்டி.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன், எப்படியும் உன் சித்தி உன்னிடம் சொல்லிவிடுவாள். மார்பை நிமிர்த்தியது நான் இல்லை. வேலை போய்விடும் என்றதும் ஸ்பேனரைக் குழாயில் மாட்டி அரைத் திருகு திருகியும்விட்டேன். சேற்றுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி அத்தனையும் பேசியது உன் மகள். அவளை வீட்டுக்குள் இருக்கச் சொல்ல வேண்டுமானால் நீயே சொல்லிப் பார், எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்ட உன் சித்தப்பா