சிரித்தால் கத்தும் மிஷின்

சிதம்பரம்

அன்புள்ள மாமாவுக்கு அமராவதி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் கேட்டால் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரியில் நான் துடைக்கிற வார்டில் கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தார். குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு எதிரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். வாயில் குழாய் போட்டு மூச்சு மிஷினில் வைத்திருந்தார்கள், பேச முடியாது.

"ஊருக்கே காத்தடிச்சீங்க, இப்ப உங்களுக்கே அடிக்கிறாங்களே!" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். உடனே மிஷின் கத்தியது.

நர்ஸ் வெண்மதி ஓடி வந்தாள். "சிரிச்சாலும் இருமினாலும் அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கும்க்கா."

"அப்ப அலாரம் அடிக்கிற அளவைக் கொஞ்சம் ஏத்தி வையேம்மா."

"ஏத்தி வெச்சா, நெஜமாவே சளி அடைச்சாலும் கத்தாது. நீங்க வாயை மூடுங்க."

மூடிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்ப்பார். நான் தரையைப் பார்த்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவேன்.

பிறகு ஒரு வாரம் ஜுரத்தில் ரூமில் படுத்துவிட்டேன். லேசான ஜுரம்தான், பயப்படாதீர்கள். அதற்குள் அவருக்குக் குழாயை எடுத்து, வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். குரல் வந்ததும் வெண்மதியிடம் கேட்டாராம்: "அந்தம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்? பேசறதையே நிறுத்திட்டாங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மாமா. எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்காகக் குழம்பு வைக்க மனசு வரவில்லை.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் போனால் அந்தக் கடையில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு, கோபமில்லை, அலாரத்துக்குத்தான் பயந்தாள் என்று சொல்லுங்கள். நன்றாகச் சிரிக்கவும் வையுங்கள். இப்போது எதுவும் கத்தாது.

டூட்டிக்கு ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி,
அமராவதி