வியாழக்கிழமைக் கடற்பாசி சூப்

குன்சான்
செவ்வாய்க்கிழமை, கடையில்

அன்பு மகள் தாசோமுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நார்வேயில் நலமாக இருப்பாய், குளிருக்கு இதமாக உடுத்தியிருப்பாய், நேரத்துக்கு எதையாவது சமைத்துச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நலம், கடை நலம், இஸ்திரிப் பெட்டி நலம். அம்மாவுக்கும் அந்தச் சொல்லை எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது, அதனால்தான் போனில் பேசாமல் காகிதத்தை எடுத்திருக்கிறேன். போனில் பேசும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தாசோம் அப்பா, குழந்தைகிட்ட ஒரு வார்த்தை போச்சுன்னா உங்க உள்ளாடைய இனிமே நீங்கதான் துவைச்சுக்கணும்" என்று மிரட்டி வைத்திருக்கிறாள். ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிற சலவைக் கடைக்காரனுக்கு இது ஒரு மிரட்டலா என்று நீ சிரிப்பாய், ஆனால் நான் பயந்துதான் போனேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும், நானே போனும் செய்திருப்பேன். ஆனாலும் இப்போது யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். பக்கத்துக் கடை மால்சுன் அக்காவிடம் சொன்னாலோ ஊரே வெடித்துவிடும்.

விஷயம் இதுதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அரசாங்க உடல் பரிசோதனைக்கு அம்மா போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்த டாக்டர் ஓரிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மயக்கம் தெளிந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டு, "முடிவு வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். வெகுநேரம் தட்டினார். தாசோம், நான் பாதி வாழ்க்கையைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கழித்தவன். கறை போகும் என்றால் போகும் என்று உடனே சொல்லிவிடுவேன். போகாது என்று தெரிந்தால்தான் சட்டையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்பேன். அந்தப் "பார்க்கலாம்" எனக்குத் தெரியும். அம்மா வெளியே வந்து, அந்தப் பொடியன் டாக்டருக்குச் சட்டைக் காலர் சரியாக இஸ்திரி போடவில்லை, அவனிடம் நம் கடை விலாசத்தைக் கொடுத்திருக்கலாமே என்றாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், அதில் ஒரு கைக்குட்டையைத் தவிர ஒன்றுமில்லை.

பல மாதமாகவே பாதிச் சோற்றை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "பள்ளிக்கூட கிச்சன்ல பிள்ளைங்களுக்கு ருசி பாத்துப் பாத்தே வயிறு நிறைஞ்சிடுது" என்பாள். நம்புவது சுலபமாக இருந்தது, நம்பிவிட்டேன். இப்போது காரம் கூடாது, சூடு கூடாது, கருவாடு ஊறுகாய் எதுவும் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். இவ்வளவும் கேட்டுவிட்டு வந்து எனக்கு மட்டும் தனியாகக் காரமாய் முட்டைக்கோஸ் கிம்சிக் குழம்பு வைக்க அவள் சட்டியைத் தூக்கியபோதுதான், இன்றிலிருந்து நான்தான் சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பேருந்து ஓட்டுநர் இருக்கையில் குழந்தை ஏறி உட்கார்ந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். நியாயம்தான். எனக்குத் தெரிந்த சமையல் மூன்று: நூடுல்ஸ், முட்டை போட்ட நூடுல்ஸ், விருந்தாளி வந்தால் ஆளுக்கு இரண்டு முட்டை போட்ட நூடுல்ஸ். நீயும் ரொட்டி தின்று அலுத்துப்போய் ஏதாவது சுலபமான சமையலாகச் சொல் என்று போன மாதம் அவளிடம் கேட்டாய் அல்லவா. எவ்வளவு உப்பு என்றால் "அளவா", எவ்வளவு நேரம் என்றால் "வேகற வரைக்கும்" என்று சொல்லி உன்னை அழவைத்தாளே. அவளுக்குக் கை தானாகப் போகும், கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்து கற்றவன், ஆகையால் எங்கெங்கே பள்ளம் என்று என்னைக் கேள்.

முதலில் சோயா முளை சூப். இரண்டு பிடி முளையைக் கழுவிப் பானையில் போட்டு, மூழ்கும்படி தண்ணீர் விட்டு, ஒரு சிறு கரண்டி உப்புப் போட்டு மூடிவிடு. இதுவரை குழந்தைகூடச் செய்யும். இனிமேல்தான் சங்கடம், மூடியைத் திறக்கவே கூடாது. பாதியில் திறந்தால் பச்சை வாடை ஏறிவிடும், பிறகு எத்தனை பூண்டு தட்டிப் போட்டாலும் போகாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், மூடி ஆடும், ஆவியில் முதலில் பச்சை வாடைதான் அடிக்கும். பொறுத்தால் அது மாறி இதமாக மணக்கும். அப்போது திறந்து நசுக்கிய பூண்டும் வெங்காயத் தாளும் போட்டு இறக்கு. சொல்ல எவ்வளவு எளிது பார். முதல் நாள் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்க என்னால் முடியவில்லை, திறந்துவிட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, மழையில நனைஞ்ச மூட்டையாட்டம்" என்றாள். மறுநாள் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சூப் சரியாக வந்தது. ஆனால் அவள் கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் நின்றால் என் கையும் நின்றுவிடுகிறது. மறுபடி கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

அடுத்தது ஆவி முட்டை. இரண்டு முட்டையை உடைத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மண்சட்டியில் ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறி, பாதி கெட்டியானதும் தீயைக் குறைத்து மூடு. சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றாதே. நான் தாராள மனசுக்காரன், ஐந்து முட்டையைக் கழுத்துவரை ஊற்றித் தீயையும் பெரிதாக வைத்தேன். அது மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி எழுந்து, வழிந்து, அடுப்பை அணைத்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, நான் சோற்றைக் கிளறிக்கொண்டு நின்றேன். நம் வீட்டு மாடிப்படி வழியாகக் கீழே கடைகள் வரை கேஸ் வாடை போய் மால்சுன் அக்காதான் பதறிக்கொண்டு ஓடி வந்து வால்வை மூடினாள். மறுநாள் காலையில் கடைக்கு வந்து, "தம்பி, பொண்டாட்டிக்குச் சமைச்சுப் போடறேன்னு கட்டடத்தையே கொளுத்திடாத, என் கடையில நாப்பது டப்பா ஊறுகா இருக்கு" என்றாள். அதோடு போயிருக்கலாம். இருந்தாற்போலிருந்து குரலைத் தணித்து, "ஓக்ரானுக்கு வயித்துலயா?" என்று அம்மா பேரைச் சொல்லிக் கேட்டாள். அவளிடம் மறைக்க முடியுமா, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற பதார்த்தம் விற்கிறவள், யார் வீட்டில் எதை வாங்குவதை நிறுத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் சித்தப்பா மருமகனுக்கும் இப்படித்தான் கிள்ளிப் பார்த்தார்கள், அடுத்த பூ பூக்கிற காலத்துக்கு ஆள் இல்லை என்று ஆரம்பித்து, நான் இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன் என்று கண்டதும், "ஆனா அவன் குடிகாரப் பய, தம்பி, அவனுக்கு எதுலயும் கணக்கு கிடையாது" என்று முடித்தாள். நகரசபை குமாஸ்தாவின் சாம்பல் நிறப் பேண்டில் இப்போது இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு மஞ்சள் தடம் இருக்கிறது. அவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சோதனை முடிவை வருகிற வியாழக்கிழமை தருகிறார்கள். சீட்டைக் கொண்டுவந்து நாள்காட்டியில் வட்டம் போடப் போனவன், தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நிலாக் கணக்குத் தேதியைப் பார்த்தேன். அம்மாவின் பிறந்தநாள். பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் குடிக்காமல் விட முடியாது. அதே சூப்பைப் பரீட்சை நாளில் குடித்தால் வழுக்கிவிடும், தோற்றுப் போவோம். உன் நுழைவுத் தேர்வுக்கு முன் அம்மா ஒரு வாரம் வீட்டில் இருந்த கடற்பாசியை எல்லாம் மூட்டை கட்டி என் கடையில் கொண்டுவந்து ஒளித்தாளே, நினைவிருக்கிறதா. நான் இந்த மாதிரி நம்பிக்கையையெல்லாம் கேலி செய்கிறவன். அடுத்தவர் வயிற்றைப் பற்றி என்றால் இப்போதும் கேலி செய்வேன். மால்சுன் அக்காவிடம் கேட்டேன். "சூப்ப வச்சிரு, ஆனா குடுக்காத, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து சாயங்காலம் குடு" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் யாராவது சாப்பிடுவார்களா என்பது எனக்குத் தெரியவில்லையே, தாசோம். இப்போது வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார், பேனாவை வைக்கிறேன்.

வியாழக்கிழமை, மருத்துவமனை வராந்தாவில்

கடிதத்தை முடிக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தேன், மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து நெளிகிறது. காலையில் நான் என்ன செய்தேன் என்றால் இரண்டு சூப்பும் வைத்தேன். ஒரு பானையில் முள்ளங்கியும் மாட்டிறைச்சியும், பிறந்தநாளுக்கு அல்ல, பரீட்சைக்கு. இன்னொன்றில் கடற்பாசி. அதையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு உதவும். காய்ந்த பாசியை ஒரே ஒரு சிறு பிடி எடுத்து ஊறவை. பொட்டலத்தைப் பார்த்தால் இது யாருக்குப் போதும் என்று தோன்றும், தோன்றட்டும். நான் முழுப் பொட்டலத்தையும் ஊறப் போட்டுவிட்டு முகம் கழுவி வந்தால், அது பாத்திரத்திலிருந்து ஏறி இறங்கித் கழுவுதொட்டி, தரை எல்லாம் படர்ந்திருந்தது. ஒரு பிடியை மட்டும் நறுக்கி, மாட்டிறைச்சித் துண்டோடு எள்ளெண்ணெயில் வதக்கி, சோயா சாஸ் விட்டு, தண்ணீர் ஊற்றிப் பாசி மெத்தென்று ஆகும்வரை கொதிக்கவிடு. வெங்காயத் தாள் போடாதே, இதில் சேராது. மிச்சப் பாசியை மால்சுன் அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்தேன், இந்தத் தெரு முழுவதும் ஒரு வாரத்துக்கு எவனும் எந்தப் பரீட்சையிலும் தேறப் போவதில்லை.

அம்மா எழுந்து வந்து அடுப்பில் இரண்டு பானையைப் பார்த்தாள். ஒரு மூடியைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். நான் சோற்றுக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஏங்க, வழுக்கும்னு பயந்தா இன்னொண்ணு?" என்றாள். இல்லை, உனக்கு முள்ளங்கி பிடிக்குமே என்றேன். "வழுக்கினா வழுக்கட்டும். வயித்துல ஏதாவது ஒட்டிட்டிருந்தா அதுவும் சேர்ந்து வழுக்கிப் போகட்டும்" என்று சொல்லிக் கடற்பாசி சூப்பைக் கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டாள். முழுவதும் குடித்தாள். இவ்வளவு மாதத்தில் அவள் கிண்ணத்தின் அடியை நான் பார்த்தது இன்றுதான். பசித்துக் குடித்தாளா, எனக்காகக் குடித்தாளா என்று தெரியவில்லை. "உப்பு தூக்கல். ஆனா என் பிறந்தநாளுக்கு இன்னொருத்தர் வச்ச சூப்ப இன்னிக்குத்தான் குடிக்கிறேன்" என்றாள். நான் முள்ளங்கி சூப்தான் குடித்தேன். வீட்டில் ஒருவராவது வழுக்காமல் இருக்க வேண்டும் அல்லவா.

இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் எண்கள் மாறுகின்றன, எங்களுக்கு முன்னால் இன்னும் சிலர். உள்ளே போகிறவர்களை விட வெளியே வருகிறவர்களைத்தான் பார்க்கிறேன், அதுவும் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் செருப்பைப் பார்க்கிறேன். அவள் கொஞ்ச நேரம் முன்பு, "என்னங்க அப்படி எழுதறீங்க?" என்று கேட்டாள். வாடிக்கையாளர் பாக்கித் துணிக் கணக்கு எழுதுகிறேன் என்றேன். "நார்வேல யாருக்குங்க நீங்க துணி வெளுக்கறீங்க?" என்றாள். உறையில் விலாசத்தை முதலிலேயே எழுதி வைத்த புத்திசாலி நான். உள்ளாடை போயிற்று என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. கடிதத்தை வாங்கிப் படிக்கவும் இல்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு எண்கள் மாறுவதையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "அதுலயே ஒரு வரி சேத்துக்கங்க. அவளுக்கு லீவு கிடைக்குமான்னு" என்றாள்.

தாசோம், உன் அம்மாவை உனக்குத் தெரியும். உன்னைப் பெற்ற மறுவாரம் தன் துணியைத் தானே பிழிந்தவள், பேருந்தில் இடம் கொடுக்கிறேன் என்று எழுந்தவனை உட்காரவைத்துவிட்டு நிற்கிறவள். யாரிடமும் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. டாக்டர் என்ன சொல்வார் என்று இவ்வளவு நாள் நான் பயந்தது இருக்கட்டும், அவள் வாயிலிருந்து இதைக் கேட்டதும் ஒரு சொல் மாறாமல் அப்படியே எழுதிவிட்டேன். உள்ளே என்ன சொன்னாலும் சரி, நல்லதோ இல்லையோ, இதைக் கீழே இருக்கும் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஏனென்றால் நான் போனில் சொல்லும்போது அவள் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள், நான் எங்கே அப்படிச் சொன்னேன், டிக்கெட் என்ன சும்மாவா வருகிறது, வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்று சத்தம் போடுவாள். அதை நம்பாதே. இதை நம்பு. அப்பா காதால் கேட்டு எழுதியது.

எண் வந்துவிட்டது. அவள் எழுந்துவிட்டாள், என் கையிலிருந்து பேனாவை வாங்கப் பார்க்கிறாள். நீ நோய் நொடி இல்லாமல், வயிறு குளிர, நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டும். லீவு கேள், மறக்காதே, நாளைக்கே கேள்.

உன் அப்பா,
ஹோ சாங்சிக்