வடுமாங்காய் ஜாடியில் சியா

அக்கா,

இன்று காலை ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் வடுமாங்காய் ஜாடியை எடுத்துத் திறந்தேன். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் மூடியின் உள்பக்கம் இன்னும் பெருங்காயமும் கடுகும் மணக்கிறது. உள்ளே வடுமாங்காய் இல்லை. முந்தின நாளே பாலில் ஊறப்போட்ட சியா விதை, மேலே சஃபேதா மாம்பழத் துண்டுகள். குளிக்காமல் யாராவது இந்த ஜாடியைத் தொட்டால் வீட்டை இரண்டாக்குவீர்களே, நான் இன்னும் குளிக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

நீங்கள் ரிட்டயராகி, இரண்டு பெட்டியோடும் இந்த ஜாடியோடும் கரோல் பாகிலிருந்து கிட்வாய் நகருக்கு, தம்பியின் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றே சமையலறை உங்களுடையதாகிவிட்டது. தம்பி பெண்டாட்டியான எனக்கு மிஞ்சியது ஃப்ரிட்ஜில் கடைசித் தட்டு. அதில் ஒரு மூலையில் என் சின்ன பாட்டில். ஏழு மணிக்குக் குர்காவ் கிளம்புகிறவளுக்கு அதுதான் தோது. ஒரு டம்ளர் பாலில் இரண்டு ஸ்பூன் விதை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி கிளற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். காலையில் பழம் நறுக்கிப் போட்டால் வேலை முடிந்தது.

"ராத்தங்கினத மனுஷா திம்பாளா? பாக்கறதுக்குத் தவளை முட்டையாட்டம் இருக்கு!" என்றீர்கள்.

உங்கள் தோசை மாவு நாலு நாளாக அதே ஃப்ரிட்ஜில் இருக்கிறதே என்று கேட்டேன். "அது மாவு. புளிக்கணும்." ராத்திரி ஊறிய வெந்தயத்தைக் காலையில் விழுங்குகிறீர்களே என்றேன். "அது மருந்து." காலை ஆறரைக்கு உப்புமா இறங்கவில்லை அக்கா என்று கெஞ்சினேன். "பசிச்சா தானா உள்ள இறங்கும்."

வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். டீம் லீட் வேலைக்கு என்னைப் பேசக் கூப்பிட்ட நாள் ஞாபகமிருக்கிறதா? எட்டரைக்கு மீட்டிங். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பாட்டிலைக் காணோம். சிங்க் சல்லடையில் கறுப்பு விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் வாணலியில் ரவை வறுத்துக்கொண்டே, "ஜல்தி என்ன, பத்து நிமிஷம் உக்காரு, சூடா சாப்பிட்டுட்டுப் போ" என்றீர்கள். என்னிடம் பத்து நிமிஷம் இல்லை. ஐ.என்.ஏ.யில் மெட்ரோ ஏறியவள், சத்தர்பூர் தாண்டியதும் கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மாள் பிஸ்கட் கொடுத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. வேலை வேறொருத்திக்குப் போயிற்று. சாயங்காலம் அழுதுகொண்டு வந்தவளிடம், "ஒரு வேளை சாப்பிடாட்டா இப்படியா?" என்று கேட்டீர்கள்.

அன்று முடிவு செய்தேன். இதே சியாவை உங்களைச் சாப்பிடவைத்து, "நன்னா இருக்கு" என்று உங்கள் வாயாலேயே சொல்லவைக்காமல் விடுவதில்லை. எனக்கு மன்னிப்பு வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

ஹோலி கழிந்த வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டீர்கள். ஆபரேஷன் முடிந்து படுக்கையிலேயே கிடந்ததில் வயிறு கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா பழம், பால், சியா என்றாள். என் காதில் தேன் பாய்ந்தது. சரியாகக் கேட்காதது போல, "டாக்டர் ஸாப், கப் பிகோனா ஹை?" என்றேன், எப்போது ஊறவைக்க வேண்டும் என்று.

"ராத் கோ. ராத் கோ பிகோகே சுபஹ் கிலாயியே."

ராத்திரி ஊறவைத்துக் காலையில் கொடுக்க வேண்டுமாம். "ராத் கோ?" என்று இன்னொரு முறை கேட்டு, உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பாவம் என்று தோன்றவில்லை, அக்கா. நன்றாக இருந்தது.

மூன்று மாதம் தினமும் ஊறப்போட்டேன். இவ்வளவு அக்கறையாக என் அம்மாவுக்குக்கூட நான் எதுவும் செய்ததில்லை. பழவண்டி பையாவிடம் பேரம் பேசாமல் நல்ல சஃபேதாவாகப் பொறுக்கி வாங்கினேன். மாதுளை உதிர்த்தேன். வாழைப்பழம் கறுக்கும் என்று காலையில்தான் நறுக்கினேன். கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். நீங்கள் ஸ்பூனால் மாம்பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பீர்கள். அதில் ஒட்டிய நாலு விதை உள்ளே போகும். மிச்சத்தை என் பக்கம் தள்ளுவீர்கள்.

"எப்படி இருக்கு அக்கா?"

"பழம் நன்னா இருக்கு."

பழம்! கெட்டிக்காரி நீங்கள். நான் கேட்பது என்னவென்று தெரிந்தே அந்த ஒரு சொல்லை முன்னால் போட்டுவிடுவீர்கள். கடைசி வாரம் மாம்பழத்தையும் தொடவில்லை. பிடிவாதம் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. கிண்ணத்தை நங்கென்று மேஜையில் வைத்தேன். அது பிடிவாதம் இல்லை என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. சொல்லாமலே போய்விட்டீர்கள். அதற்காக உங்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கிண்ணத்தை அப்படி வைத்ததற்காக என்னையும்.

நேற்று உங்கள் வருஷாப்தீகம். எல்லாம் உங்கள் இஷ்டப்படி நடந்தது. மடியாகச் சமைத்தேன், முந்தின நாள் மாவைக்கூட வீட்டில் வைக்கவில்லை. பால்கனியில் புறாக்களை விரட்டிக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து ஒரு காக்கை வந்து பிண்டத்தைத் தின்றது. உங்கள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று என் முறை. உங்கள் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதே பால்கனிச் சுவரில் வாழையிலைத் துண்டில் வைத்தேன். உங்கள் தம்பி பல்துலக்கியபடி வந்து பார்த்தார். "என்னடி இது?"

"அக்காவுக்கு."

"அவளுக்கா? ராத்தங்கினதா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

காக்கை இன்று காக்க வைக்கவில்லை. நேற்று வந்ததுதானோ என்னவோ, உடனே வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. மாம்பழத்தை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. பிறகு அலகை இரண்டு பக்கமும் சுவரில் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டு பறந்துவிட்டது. விதை முழுவதும் இலையிலேயே இருந்தது.

"அக்காதான்" என்றார் உங்கள் தம்பி.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு பழைய கோபம் வந்தது. இலையில் கிடந்ததை வழித்துக் கொட்டினேன். ஜாடியில் மிச்சமிருந்ததை நின்றபடியே சாப்பிட்டேன். லேசாகப் பெருங்காயம் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது, அக்கா.

நாளைக்கும் வைப்பேன். மாம்பழம் கிடையாது. வெறும் விதையும் பாலும்தான். பசித்தால் தானாக உள்ளே இறங்கும்.