நாங்கள் காத்திருப்போம்

பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உட்கார்ந்துகொண்டு படி, நின்றுகொண்டு படித்தால் குதித்துவிடுவாய். மார்ச் பதினான்கு வெள்ளி முதல் ஞாயிறு வரை எனக்கு விடுமுறை கிடைத்துவிட்டது. நான் அங்கே வரவில்லை, நீ இங்கே வருகிறாய்! ரயில் டிக்கெட் இந்தக் கவரிலேயே இருக்கிறது. இனிமேல் உன் சாக்குப்போக்கு எதுவும் செல்லாது.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாள் முழுக்க லிப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு போனில் பேசிவிட்டு வருகிறேனா, வீட்டில் அது அடித்தாலே காது கூசுகிறது. இன்று ஒரு பெரியவர், "ஏம்மா, வெளியில எடுக்கிற வரைக்கும் ஒரு பாட்டு பாடேன், பயமா இருக்கு" என்றார். கன்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் முன்னால் பாடினேன். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தால், "பாட்டு முடியட்டும், இருப்பா" என்றாராம்.

வருகிறாய் அல்லவா? உடனே எழுது.

உன் வாலு

*

பிப்ரவரி 7

என் வாலுக்கு,

நூறு ஆசிகள். வருகிறேன், வருகிறேன், வருகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அச்சகத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தவளையைத் 'தவலை' என்று விட்டுவிட்டேன். ஃபோர்மேன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, நீங்களா இது?" என்றார். "நான் டவுனுக்குப் போறேன்பா" என்றேன். பைண்டிங் பகுதி வரைக்கும் செய்தி பரவிவிட்டது.

உங்கள் நகரத்தின் சுற்றுலாக் கையேட்டை நான்கு பதிப்புகளாக நான்தான் பிழை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். பாலத்துக்கு எத்தனை தூண், படகு எத்தனை மணிக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணால் பார்த்ததுதான் இல்லை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு வைத்துவிடாதே. பழைய கோபுரத்துக்கு 312 படி. மூன்றாம் பதிப்பில் அது 321 என்று அச்சாகிவிட்டது. எது சரி என்று பதிப்பாளருக்கும் தெரியவில்லை. நான் ஏறி எண்ணப்போகிறேன். லிப்ட் இருக்கிறது என்று ஆரம்பிக்காதே.

ஒரே ஒரு நிபந்தனை. உன் கல்யாணப் பத்திரிகையையும் நான்தான் பிழை பார்த்தேன். அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்து, நாலு நாள் இருக்கும்போது நீ வேண்டாம் என்றாய். அப்புறம் நகரத்துக்குப் போய்விட்டாய். இரண்டு வருடமாயிற்று. அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன், நீயும் எடுக்காதே. கல்யாணம் என்ற சொல்லே இல்லாமல் மூன்று நாள் ஊர் சுற்றுவோம்.

அம்மா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

திட்டம் தயார். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் படித்துக்கொள்கிறேன்.

வெள்ளி காலை 6.40க்கு உன் ரயில். இரண்டாம் வாசல் வழியாக வெளியே வா, நாங்கள் காத்திருப்போம். அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். மாலை படகு. இருட்டியதும் பாலத்தில் விளக்கு போடுவார்கள், அதைப் படகிலிருந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமை முழுவதும் அருங்காட்சியகம். ஞாயிறு காலை கோபுரத்தை பார்க்க போகிறோம், நாலு மணிக்கு உன் ரயில்.

என் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. கட்டிலை இழுத்தால்தான் அலமாரி திறக்கும். உனக்காகக் கீழ் வீட்டிலிருந்து ஒரு மடக்குக் கட்டில் கேட்டு வைத்திருக்கிறேன். நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள். அந்த மூன்று நாட்களும் உன் செருப்பை நான் நம்பத் தயாராக இல்லை.

உன் வாலு

*

பிப்ரவரி 17

என் வாலுக்கு,

ஷூ வாங்கியாயிற்று. புடவைக்குக் கீழே அதைப் பார்த்து ஃபோர்மேன், "அக்கா, ஓட்டப்பந்தயமா?" என்றார். சிரிக்கட்டும். அச்சகத்து மாடிப்படியைத் தினமும் ஆறு தடவை ஏறி இறங்குகிறேன். முதல் நாள் மூச்சு வாங்கியது. இப்போது மேலே போய் நின்று பாடக்கூட முடிகிறது, யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

பெட்டியும் அடுக்கிவிட்டேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். 'கோபுரத்தை பார்க்க போகிறோம்' அல்ல, 'கோபுரத்தைப் பார்க்கப் போகிறோம்'. இரண்டு ப் போட்டால் கை தேய்ந்துவிடுமா? 'நாட்கள்' என்று எழுதாதே, 'நாள்கள்'. நாட்கள் என்றால் நாள்பட்ட கள். கடைசியாக, 'நாங்கள் காத்திருப்போம்' என்று எழுதியிருக்கிறாய். ஒருத்தி தன்னை 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள நீ என்ன மகாராணியா? 'நான் காத்திருப்பேன்' என்று திருத்திக்கொள்.

அம்மா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அம்மாவுக்கு,

முதல் இரண்டும் பிழைதான். மூன்றாவது பிழை இல்லை, அம்மா.

'ஆமாம், கை தவறிவிட்டது' என்று எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் கிழித்தேன். சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவருக்கு நான் பாடிய பாட்டை முடிக்க விட்டாரே, அந்த மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவரிடம் "எங்க இருக்கீங்க?" என்று கேட்பதுதான் என் வேலை. எட்டு மாதமாக, வேலை முடிந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், நான் வாண்டு என்று கூப்பிடுகிறேன். நீ படி எண்ணப்போவதைச் சொன்னேன். "எண்ணுறதுக்கு ஆள் வேணுமா? எனக்கு முந்நூறு வரைக்கும் தெரியும்" என்றாள்.

எடுக்காதே என்ற பேச்சை எடுக்கிறேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறோம். நீ பார்த்து, சரி என்ற பிறகுதான் தேதி. இதற்காக மட்டும் டிக்கெட் எடுத்தேன் என்று நினைக்காதே. உன்னோடு படகில் போக வேண்டும் என்பதும் நிஜம். ஆனால் ஸ்டேஷனில் உன்னைத் திடுதிப்பென்று மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் மட்டும் வந்து நிற்க வேண்டுமென்றால் எழுது. நான் மட்டும் வருகிறேன், வேறு எதுவும் பேச மாட்டேன்.

கோபித்துக்கொள். ஆனால் வராமல் இருந்துவிடாதே.

உன் வாலு

*

மார்ச் 4

அம்மா,

பத்து நாளாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அச்சகத்துக்குப் போன் செய்தால் ஃபோர்மேன், "அக்கா இருக்காங்க, பேச மாட்டேங்கறாங்க. எழுதறேன்னு சொல்லச் சொன்னாங்க" என்கிறார். திட்டியாவது எழுது. திட்டம் இன்னும் சுவரிலேயே இருக்கிறது. அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

வாலு

*

மார்ச் 7

என் வாலுக்கு,

உன் கடிதத்தைப் பிழை பார்க்காமல் படித்தேன். இத்தனை வருடத்தில் எதையும் அப்படிப் படித்ததில்லை. "கண்ணுல தூசியாக்கா?" என்று ஃபோர்மேன் கேட்டார். "இல்லப்பா, பொண்ணு" என்றேன். அவர் நல்ல மனிதர், தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் இருக்கிறது. எட்டு மாதமாக மனதில் ஒருவரை வைத்துக்கொண்டு எனக்கு மழை, வெயில், வீட்டுச் சொந்தக்காரர் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் கல்யாணம் என்ற சொல்லை வெட்டியவள் நான்தானே. பத்திரிகை அச்சான பிறகு ஏன் வேண்டாம் என்றாய் என்று உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாளாக என்னை எழுத விடாமல் தடுத்தது அதுதான், உன் மெக்கானிக் அல்ல.

எங்கள் வேலையில், அவசரப்பட்டு ஒரு சொல்லை வெட்டிவிட்டால் அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அச்சுக் கோப்பவர் அதைத் தொட மாட்டார். உன் பிப்ரவரி 12 கடிதத்தில் 'நாங்கள்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தேன். நேற்று அதற்குக் கீழே நான்கு புள்ளி வைத்தேன்.

திட்டத்தில் சில திருத்தங்கள். வெள்ளி மாலைப் படகுக்கு நாலு பேர். சனிக்கிழமை காலை அருங்காட்சியகம் வேண்டாம், அந்த நேரத்தை என் கோபத்துக்கு ஒதுக்கு. நீயும் நானும் மட்டும், அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் கேட்பேன், நீ சொல்வாய், இரண்டு பேரும் அழுது முடிக்க மதியமாகிவிடும். அதற்கப்புறம் அருங்காட்சியகம், அவர்களும் வரட்டும். ஞாயிறு கோபுரத்தில் முந்நூறு படி வரை வாண்டின் பொறுப்பு, அதற்கு மேல் என்னுடையது. உன் மெக்கானிக் லிப்டில் வந்தால் வரட்டும், அது அவர் பிழைப்பு.

சரி என்று இன்னும் நான் சொல்லவில்லை. பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

புது ஷூவோடுதான் ரயில் ஏறுவேன். வெள்ளி, 6.40, இரண்டாம் வாசல். தனியாக வந்து நிற்காதே.

அம்மா